சண்டை இல்லாத வீடு

தும்மியிருக்கக் கூடாது. தும்மிய அடுத்த நொடியே அது ஆராய்ச்சிக்காரிக்குத் தெரிந்துவிட்டது.

குடும்பங்களில் சண்டை எப்படி மூள்கிறது என்பதுதான் அவள் பட்டத்துக்கான ஆய்வு. வீட்டு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பார்க்கலாம், எழுதலாம். பேசக்கூடாது, எதிலும் கலந்துகொள்ளக்கூடாது. "சுவர்க்கடிகாரம் மாதிரி இரு. அதுகூட மணியடிக்கும், நீ அதையும் செய்யாதே" என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சண்டை போடும் வீடுகள் தாராளமாகக் கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்க்கச் சண்டையே இல்லாத வீடு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை. அலைந்து திரிந்து கிடைத்தது இந்த மாடிவீடு. துணி தைக்கும் மாமியார், மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும் மருமகள். இருவருக்கும் நடுவில் இருந்தவன் போன வருடம் இறந்துவிட்டான். அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்திருந்தாள்.

வீடு அவளை ஏமாற்றவில்லை. மாமியார் எழுந்தால் மருமகள் ஒதுங்கி வழிவிடுவாள். ஒருத்தி சமைத்து மூடிவைப்பாள். மற்றவள் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவாள். முகச்சுளிப்புகூடக் கிடையாது. 'சொல்லே தேவைப்படாத அளவுக்கு முதிர்ந்த ஒத்துழைப்பு' என்று ஆராய்ச்சிக்காரி எழுதினாள். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, தனி அத்தியாயமாகவே போடலாம் என்றார்.

அதன் பிறகுதான் தும்மினாள்.

மாமியார் தையல் மிஷினை நிறுத்தி, ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொன்னார். கிளம்பிக்கொண்டிருந்த மருமகள், மாத்திரை ஒன்று போட்டால் போதும் என்று கதவிடம் சொன்னாள்.

"கடையில விக்கறோம்னு கண்டவங்களுக்கெல்லாம் மாத்திரையா?"

"ஆவி பிடிச்சு யாருக்கு அத்தை சரியாயிருக்கு?"

யார் மனமும் நோக வேண்டாம் என்று ஆராய்ச்சிக்காரி மாத்திரையையும் விழுங்கினாள், ஆவியும் பிடித்தாள். மறுநாள் சளி போய்விட்டது. எதனால் போனது என்ற விவாதம் போகவில்லை.

ஜன்னல் காற்றுதானே தும்மலுக்குக் காரணம் என்று நாற்காலியைச் சமையலறைப் பக்கம் நகர்த்தினாள். அவள் மருமகள் கட்சிக்குத் தாவிவிட்டதாக மாமியார் நினைத்தார். மிஷின் பக்கம் நகர்த்தினாள். தன்னைப் பற்றி மாமியார் என்ன சொல்லிக்கொடுப்பாரோ என்று மருமகள் அன்று வேலைக்கே போகவில்லை. நடுக்கூடத்தில் போட்டாள். இப்போது இருவரும் அவளைத் தாண்டிக் கத்த வேண்டியிருந்ததால், இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

பேராசிரியரிடம் ஓடினாள். தரவெல்லாம் பாழ் என்றார் அவர். வீடு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவைத்துவிட்டு வா என்றார், வாடகைப் பாத்திரத்தைச் சொல்வதுபோல.

அவளும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றாள். அதுவரை சளியோடு நின்றிருந்த சண்டை, நியாயம் என்ற சொல்லைக் கேட்டதும் போன வருடத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

"அவனுக்கு மூச்சு வாங்கினப்ப நீ கடையிலதானே நின்னே?"

"நின்னேன். நீங்க போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேன். ஏன் பண்ணல?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

"நான் பயப்படுவேன்னுதானா, இல்ல நீங்க பயந்துட்டீங்களா?"

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "பயந்துதான் போயிட்டேன். போன் எங்க இருக்குன்னே தெரியல. கையிலதான் இருந்திருக்கு."

பிறகு இருவரும் அழுதுகொண்டே கத்தினார்கள். ஆராய்ச்சிக்காரி பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். மூடி பேனாவில்தான் இருந்தது.

இனி வரமாட்டேன் என்று எழுந்தாள். அவளை விரட்டியது யார் என்று புதிதாக ஒன்று தொடங்கியது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

படியில் கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மாடியில் சத்தம் கிளம்பும்போதெல்லாம் அவர் இங்கே வந்து நிற்பதைக் கொஞ்ச நாளாகவே பார்த்திருந்தாள். புகார் சொல்லத்தான் என்று நழுவிக்கொண்டிருந்தாள். இன்று அவர் படியை அடைத்துக்கொண்டு நின்றார்.

அமைதியாக இருந்த குடும்பத்தைத் தான்தான் கெடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். தன் படிப்பு போனாலும் போகட்டும், இனி இந்தப் பக்கமே வருவதில்லை, வீடு பழையபடி ஆகிவிடும் என்றாள்.

அவர் மாடிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"பழையபடி ஆயிடக் கூடாதும்மா. பையன் போனதிலேருந்து இதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்க திரும்பிப் போய் உக்காருங்க."