நாற்பது நிமிடக் கருகல்

இத்தாலி இறைச்சிச் சோஸ் காய்ச்சிய சட்டியின் அடியில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று றிஸ்லானுக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தச் சோஸை எப்படிக் காய்ச்சுவது என்பதுதான் தெரியாது.

காலை எட்டு மணி. காத்தான்குடியில், வாவிக்கரைப் பக்கத்து வீட்டின் குசினி. அவன் முன்னால் இரண்டு கிலோ கொத்திய மாட்டிறைச்சி, மூன்று கிலோ தக்காளி, வீட்டிலேயே பெரிய சட்டி. முதுகுக்குப் பின்னால் உம்மா. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, தங்கச்சி நிஸ்றாவின் கலியாணத்தைப் பேசி முடிக்க ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

"மகன், எதை முதல்ல போடுற?" என்று ஸைனம்பு உம்மா கேட்டார். மகன் கையால் ஒரு வித்தை நடக்கப்போகிறது என்ற பூரிப்பு அவர் குரலில் இருந்தது.

"பொறுங்க உம்மா. யோசிக்கோணும்."

"ஆறு வருசம் சமைச்ச புள்ளைக்கு யோசினை என்னத்துக்கு?"

ஆறு வருடம் தோஹாவில், ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் அவன் இருந்தது உண்மை. கடையின் பின்பக்கத்தில் இருந்தான் என்பது உம்மாவுக்குத் தெரியாது. அங்கே ஒரு நீளமான தொட்டி, ஒரு சுடுதண்ணீர்க் குழாய். ஒரு நாளைக்கு இருநூறு சட்டி. ஒரு முறை, ஒரேயொரு முறை, சமையற்காரன் கழற்றிவைத்த வெள்ளைத் தொப்பியைத் தலையில் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். உம்மா அதைச் சட்டம் போட்டு முன்மண்டபத்தில், நிஸ்றாவின் பட்டமளிப்புப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவன் செஃப்.

இது றிஸ்லானின் தனிப்பட்ட திருகுதாளம் என்று சொல்லிவிட முடியாது. ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். சுப்பவைசர் இருப்பார், மெனேஜர் இருப்பார், கம்பனியில் பெரிய ஆள் இருப்பார். கோப்பை கழுவுகிறவன் என்று ஒருவன்கூட இருக்க மாட்டான். அரபு நாட்டுக் கோப்பைகள் எல்லாம் தாமாகவே எழுந்து போய்க் குளித்துவிட்டு வருகின்றன போலும்.

ஏறாவூர் ஆதம்பாவா சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் ஷிஹானைத்தான் நிஸ்றாவுக்குப் பேசியிருக்கிறது. உம்மா சும்மா இருந்திருக்கலாம். டெலிபோனில், "எண்ட மகன் இத்தாலிச் சோஸ் ஆக்கினா விரலையும் சேத்துத் திம்பீங்க. நீங்க வாற அண்டைக்கு ஆக்கித் தருவார்," என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல், கலியாணத்துக்குப் பிறகு மகன் உங்கள் கடையிலேயே செஃப்பாக நிற்பார் என்றும் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

நிஸ்றாவுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் அவள் வாயால் போயின. சீதன வீட்டுக்குக் குளிரூட்டி கேட்டவனிடம், உடம்புச் சூடு கூடவா என்று கேட்டவள் அவள். இந்த ஷிஹானை மட்டும்தான் அவளாகவே பேசிப் பார்த்து "ஓம்" என்றிருந்தாள். இது குழம்பினால் அது அவள் வாயால் குழம்பியதாக இராது. அண்ணனின் சட்டியால் குழம்பியதாக இருக்கும்.

அவன் கண்ணை மூடி, தோஹாத் தொட்டியில் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியோடு அடியாக ஒட்டியிருப்பது கரட்டும் வெங்காயமும். ஆகவே அவை முதலில். அதற்கு மேல் இறைச்சி. பிறகு தக்காளி. பக்கச் சுவரில் ஒரு காய்ந்த இலை. வாயோரத்தில் வெள்ளை வளையம், அது பால். காலையில் அடுப்பேறும் சட்டி பின்னேரம் அஸருக்குத்தான் அவன் கைக்கு வரும். புதைகுழி தோண்டுகிற ஆராய்ச்சியாளன் மாதிரி, அழுக்கிலிருந்து சமையலைக் கண்டுபிடித்தான்.

கரட், வெங்காயம், உள்ளிப்பூண்டு, இறைச்சி, தக்காளி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டிக்குள் போயின. இலை மட்டும் இல்லை.

"என்ன இலை மகன்? கறிவேப்பிலையா?"

"இல்ல. நீட்டு இலை. காஞ்சிருக்கும்."

வளவுக்குள் போய் நான்கு காய்ந்த இலையோடு வந்து சட்டியில் போட்டான். உம்மா எட்டிப் பார்த்தார்.

"இது கொய்யா இலை. வயித்தோட்டத்துக்கு அவிச்சுக் குடிக்கிற."

"இத்தாலியில இதத்தான் போடுற."

"அங்க எல்லாருக்கும் வயித்தோட்டமா?"

வாசலில் நிஸ்றா போனோடு நின்றாள். "ஓம். அவசரமில்ல. ஆறுதலா வாங்க," என்று யாருக்கோ சொல்லிவிட்டு, உள்ளே நின்ற அண்ணனைக் கூப்பிட்டாள்.

"காக்கா, இப்பவே சொல்லிட்டன். அந்தச் சட்டிய நான் கழுவமாட்டன். கழுவத் தெரிஞ்ச ஆள் ஆரையும் பாருங்க."

றிஸ்லானின் கையில் இருந்த அகப்பை நின்றது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. "நீ போ புள்ள. வேலை கிடக்கு," என்று சட்டிக்குச் சொன்னான். ஆறு வருடச் சுடுதண்ணீரில் ஊறி வெளிறிய விரல்களை, உடுத்திருந்த சாரத்தில் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு ருசி பார்த்தான். புளி. பல் கூசியது. இரண்டு கரண்டி சீனி போட்டான். தெரியவில்லை. இன்னும் நான்கு போட்டான். இப்போது தெரிந்தது.

"வட்டிலப்பமா மகன் ஆக்குற?" என்று உம்மா தொட்டு நக்கிவிட்டுக் கேட்டார்.

இனிப்பை அடக்க உப்பு. உப்பை அடக்கத் தண்ணீர். இப்போது சோஸ் தண்ணீராய் ஓடும் ஆணமாகி, இறைச்சி அடியில் நீந்தியது. அப்போதுதான் அந்த வெள்ளை வளையம் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு பாக்கெட் பால்மாவைக் கரைத்து ஊற்றினான். தக்காளிப் புளியில் பால் பட்டதும் திரைந்து, வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு மிதந்தது.

"அல்லாட காவல். பால் திரைஞ்சு போச்சு."

"அதான் உம்மா சீஸ்."

சொன்ன வேகத்தில் அவனுக்கே உடம்பு கூசியது. உம்மா நம்பிவிட்டார் என்பதுதான் இன்னும் கூச்சம். "எண்ட வாப்பா, வீட்டுலயே சீஸ் எடுக்கிறான்," என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டார்.

போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். தோஹாவுக்கு அடித்தான். அந்தத் தொப்பியின் சொந்தக்காரனான நேபாளத்துச் சமையற்காரன் எடுத்தான். றிஸ்லான் விஷயத்தைச் சொன்னான். அவர்களுடைய உடைந்த ஹிந்தியில் பதில் வந்தது. "தீயைச் சின்னதாக்கி வை. பிறகு நாலு மணித்தியாலம் ஒன்றும் செய்யாதே. அந்தச் சோஸுக்கு ரகசியம் அதுதான். கை வைக்காமல் இருப்பது."

அவன் ஏற்கெனவே ஆறு தடவை கை வைத்தாயிற்று.

திரும்பி வந்தபோது குசினி முழுக்கக் கறி வாசம். உம்மா அகப்பையும் கையுமாக நின்றார்.

"உம்மா, என்ன போட்டீங்க?"

"ஒண்டும் போடல்ல. கொஞ்சம் இறைச்சித் தூள். உறைப்புக்குக் கொச்சிக்காத் தூள் ரெண்டு கரண்டி. மணமில்லாம கிடந்த. நீ வெட்கப்பட்டிருவா எண்டு போட்டன்."

அவனுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. கறி நிறத்தை மறைக்க ஒரு போத்தல் தக்காளிச் சோஸைக் கவிழ்த்தான். தண்ணீர் வற்றட்டும் என்று தீயைக் கூட்டினான். பிறகு பாஸ்தா அவிக்கப் போனான். பாஸ்தாவில் ஒரு கண், வாசலில் ஒரு கண். சட்டிக்குக் கண் மிச்சமில்லை.

மூக்குத்தான் முதலில் அறிந்தது. எதுவும் தெரியாத இந்தச் சமையலில் அது ஒன்று மட்டும் அவனுக்கு ஐயமறத் தெரிந்தது. அந்த வாசம் பிடித்த உடனேயே, சட்டியைப் பார்க்காமலே, மனதுக்குள் அளந்துவிட்டான். நாற்பது நிமிடக் கருகல். சுடுதண்ணீர், உப்பு, பிறகு நாற்பது நிமிடம் தேய்க்க வேண்டும். குறையாது.

மேலால் வழித்து வேறு சட்டியில் மாற்றினான். கருகல் மணமும் கூடவே போனது. முழுவதையும் கொண்டுபோய் வாவியில் கொட்டிவிட்டு, தானும் அப்படியே மறுகரைக்கு நடந்துவிடலாமா என்று யோசித்தான். அதற்குள் வாசலில் வான் நின்றது. ஸலாம் சொல்லும் குரல்கள் கேட்டன.

ஆதம்பாவா, அவர் மனைவி ஸகியா, மாப்பிள்ளை ஷிஹான், அவனுக்குச் சித்தப்பா முறையான ஒரு சாச்சா. சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்களுக்கு முன்மண்டபத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தார்கள். ஒரே பெரிய தட்டு, சுற்றிவர நாலு பேர். ஆதம்பாவா, ஷிஹான், சாச்சா, வீட்டுக்காரன் என்ற முறையில் றிஸ்லான். தட்டில் நீட்டு நீட்டாகப் பாஸ்தா, அதற்கு மேல் செங்கபிலமாக, வெள்ளைப் பொருக்கோடு அந்தச் சோஸ். தலைக்கு மேலே தொப்பி போட்ட போட்டோ.

"பிஸ்மில்லாஹ்," என்றார் ஆதம்பாவா. ஒரு பாஸ்தா நூலை எடுத்தார். அதன் மறுமுனை சாச்சாவின் பக்கத்திலிருந்து வந்தது. சாச்சா மரியாதைக்காகத் தன் முனையை விட்டுக்கொடுத்தார்.

வாயில் வைத்தார். மென்றார். றிஸ்லான் மூச்சை நிறுத்தினான்.

"மாஷா அல்லாஹ். வித்தியாசமான ருசி," என்றார் ஆதம்பாவா. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இத்தாலிக்காரர் நல்லா உறைப்புத் தின்னுவாங்க போல," என்றார் சாச்சா.

"இடத்துக்கு இடம் மாறும்," என்றான் றிஸ்லான்.

"இறைச்சி உங்கட பக்கம் குறையுது மச்சான்," என்று ஷிஹான் தன் பக்கத்துக் குவியலை இவன் பக்கம் தள்ளினான். சஹனில் நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் ஒதுக்கிவிடுவது பண்பு. ஷிஹானுக்குப் பண்பு கூட. ஆதம்பாவாவுக்கு அதைவிடக் கூட. சாச்சாவின் பக்கத்தில் தட்டின் பூ தெரியும் அளவுக்குப் பண்பு. மூன்று பக்கமும் வெளுத்து, றிஸ்லானின் பக்கத்தில் மலை எழுந்தது. சஹனில் மீதம் வைப்பது வீட்டுக்காரனுக்கு அழகில்லை. அவன் தின்றான். சீனி, உப்பு, கொச்சிக்காய், கருகல், கொய்யா இலை எல்லாவற்றையும் தன் கையால் தானே அள்ளித் தின்றான். நடுவில் சாச்சா ஒரு பெரிய ஏப்பம் விட்டு, "அல்ஹம்துலில்லாஹ், வயிறு நிறைஞ்சு போச்சு," என்றார். அவர் மூன்று வாய்தான் தின்றிருந்தார்.

உம்மா திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். காலியான சஹனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல்லயா? ஒரு பருக்கை மிச்சமில்ல."

றிஸ்லான் கை கழுவுகிற சாட்டில் பின்வளவுக்கு நழுவினான். பைப்படியில் அந்தச் சட்டி கறுத்துப்போய்க் கிடந்தது. அவனை அறியாமலே குந்திவிட்டான். கேத்தல் சுடுதண்ணீரை ஊற்றினான். உப்பைத் தூவி ஊறவிட்டான். தேங்காய்ப் பொச்சு நாரை எடுத்து, வாயோரத்திலிருந்து வட்டமாக, அடிக்கு இறங்கினான். கை தன்பாட்டில் ஓடியது. விடிந்ததிலிருந்து முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

சட்டி அடியில் தன் முகம் தெரிந்த நேரத்தில்தான், பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. ஆதம்பாவா. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் குனிந்து சட்டியைத் தூக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீறல் ஒண்டும் இல்ல," என்றார். "முப்பது வருசமாக் கடை வெச்சிருக்கன். இப்பிடிக் கழுவின சட்டி நான் காணல்ல."

றிஸ்லான் எழுந்திருக்கவில்லை. ஈரக் கையை மறைக்கவும் இல்லை. மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

"மாமா, நான் செஃப் இல்ல. அங்க எண்ட வேலை இதான். அந்தத் தொப்பி வேற ஆளுட. எங்கட உம்மாக்குத் தெரியாது. தங்கச்சிக்கும் தெரியாது, அவ பாவம். எண்ட பொய்யால இந்தச் சம்பந்தத்தக் குழப்பிராதீங்க. அவவ ஏமாத்துக்காரி எண்டு நினைச்சிராதீங்க."

ஆதம்பாவா சட்டியைப் பக்குவமாகக் கவிழ்த்து வைத்தார். அவன் பக்கத்தில் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு குந்தினார்.

"தங்கச்சிதானே மகன், பேசிப் பாத்த முதல் நாளே சொன்ன, எண்ட காக்கா ஆறு வருசம் சட்டி கழுவித்தான் என்னைப் படிப்பிச்ச எண்டு. இண்டைக்கு வீட்டுல வயிறு நிறையச் சோறு திண்டுட்டு வாங்க எண்டு சொன்னதும் அவதான்."