எச்சில் உறிஞ்சும் மெஷினும் ஒரு துண்டு வயரும்

கரண்டு எனக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் திருவிடைமருதூர் வட்டாரத்தில் என் கை படாத மோட்டார் கொட்டகை கிடையாது. டெஸ்டர் வைத்திருக்கிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எந்த வயரில் கரண்டு என்று புறங்கையால் தொட்டே சொல்லிவிடுவேன். (யாரும் செய்து பார்த்துவிடாதீர்கள், சாமி!)

அந்தக் கையால் சம்பாதித்துத்தான் மகள் கயல்விழியைப் பல் டாக்டர் ஆக்கினேன். தஞ்சாவூரில் அவள் கிளினிக் திறக்கிறாள் என்றால் வயரிங்கை வெளியாளிடம் விடுவேனா?

"அப்பா, இது மோட்டார் கொட்டகை இல்ல. வாய்க்குள்ள தண்ணியும் இரும்பும் போற இடம். ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் எர்த் வயர் வந்தே ஆகணும்."

"ஊருக்கே வெளிச்சம் குடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறியா?"

கரண்டு கசிந்தால் தானே விழுந்து அணைக்கிற பிரேக்கர் என்று அவள் வாங்கித் தந்ததை மாட்டினேன். எர்த்தும் இழுத்தேன். நாற்காலிக்குப் பக்கத்து பிளக் பாயிண்டுக்கு மட்டும் வயர் எட்டவில்லை. கடைக்குப் போகச் சோம்பல். கொட்டகை வழக்கப்படி ஒரு துண்டு வயரால் எர்த்தையும், கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரலையும் உள்ளேயே இணைத்து, மூடியைத் திருகிவிட்டேன்.

திறப்பு விழா. முதல் பல் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து நாற்காலியில் ஏறினேன். சம்பந்தி வீட்டார் சுற்றி நின்றார்கள். மகள் ஊசி போட்டாள். உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாய் நிறையப் பஞ்சு. எச்சில் உறிஞ்சும் மெஷினைத் தள்ளிவந்து, நாற்காலியை ஒட்டி நிறுத்தி, அந்த பிளக் பாயிண்டில் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

டப்! பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டாள். மறுபடி டப்!

சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "பிரேக்கர் டூப்ளிகேட் போலருக்கு. கழட்டிட்டு நேராக் குடுத்துடலாம். நம்ம மோட்டாருக்கு சம்பந்தி அப்படித்தானே பண்ணிக் குடுத்தாரு! என்ன சம்பந்தி, நேராக் குடுத்துடவா?"

துண்டு வயர் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. நேராகக் கொடுத்து, நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷின் உடம்பெல்லாம் கரண்டு. அதன் குழாய் போகப்போவது என் வாயில்!

"வேணாம்" என்று கத்தினேன். உதடு இல்லாமல் 'வே' எங்கே வரும், 'ம்' எங்கே வரும்? "ஆ... ஆ..." என்றுதான் வந்தது.

"பாருங்க, ஆமாங்கிறாரு!" என்று ஸ்க்ரூ டிரைவரோடு போர்டுப் பக்கம் நடந்தார்.

தலையை ஆட்டினேன். "ஆட்டாதீங்கப்பா, பஞ்சு நழுவுது," என்றாள் மகள்.

எகிறிக் குதித்து சம்பந்தியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். என் எச்சில் அவர் பட்டுச் சட்டையில் ஒழுகியது.

"அட, இதுக்குப் போயா இவ்வளவு நன்றி! விடுங்க சம்பந்தி," என்று அவர் நெகிழ்ந்தார்.

நான் பிளக் பாயிண்டைக் காட்டிக் காட்டிக் குதித்த பிறகுதான் மகளுக்குப் புரிந்தது. மெயினை அணைத்து, மூடியைக் கழற்றினாள். துண்டு வயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மெஷின் எர்த் குடுத்த நாற்காலியில ஒட்டுனதும், இந்தத் துண்டு வயர் வழியா கரண்டு வழி மாறிப் போயிருக்கு. இது முப்பது மில்லி ஆம்பியர் ஓடிப்போனாலே விழுந்துடும்பா."

"முப்பது மில்லியா? அது எந்த மூலைக்கு?" என்றார் சம்பந்தி. மொத்தக் கூட்டமும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை (உதடும் இல்லை). தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. போன கரண்டையும் திரும்பி வந்த கரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மதகில் விட்ட தண்ணீரில் ஒரு கை அள்ளுவது நடுவில் காணாமல் போனால், மறு நொடியே மதகை அடைக்கிற காவல்காரனை எந்த வாய்க்காலிலாவது பார்த்திருக்கிறீர்களா? என் புறங்கை சுர்ரென்று உணர்வதற்குள் அது வேலையை முடித்துவிடுகிறது. அந்த டப்பாவைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மறுநாள் முதல் கொட்டகை கொட்டகையாகப் போய் அதை மாட்டச் சொல்லி உயிரை எடுத்தேன். முதலில் சம்பந்தி வீட்டு மோட்டாருக்கு. பதிலுக்கு அவர் எனக்குப் பட்டம் கொடுத்தார்.

பீர் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் நான். கல்யாண வீடுகளில் அவர் என்னை, "இவருதான் நம்ம முப்பது மில்லி" என்று அறிமுகம் செய்கிறார். புதியவர்கள் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அவளாவது மறுக்கக் கூடாதா?

"அளவு மக சொன்னதுங்க. டாக்டராச்சே! அதுக்கு மேல போனா உசுருக்கு ஆகாதாம்," என்கிறாள்.