மாடியில் கல்யாணம், கீழே அப்பா

திரையில் சைபரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிறவி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பள்ளிக்கூடப் பரீட்சையில் வந்த பழக்கமாக இருக்கலாம்.)

அப்போது நான் கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் மென்பொருள் நடத்தும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். மண்டபம் மாட்டுங்காவில். புக்கிங் அங்கேயும் நடக்கும், செம்பூர் கிளையிலும் நடக்கும். இங்கே பதிவதை அங்கேயும், அங்கே பதிவதை இங்கேயும் கம்ப்யூட்டர் நகலெடுத்துக்கொள்ளும். நகல் எத்தனை செகண்ட் பின்தங்குகிறது, எத்தனை பதிவு காத்திருக்கிறது என்ற புள்ளிவிவரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் உத்தியோகம். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே மொபைலில் கற்ற வித்தை. கர்வம் மட்டும் ஏசி பெட்டியில் வரும்.

ஒரு சனி, ஞாயிறு முழுக்க இரண்டுமே சைபர். என் கவனிப்பின் மகிமை என்று நானே எனக்கு ஒரு சாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமைதான் தெரிந்தது, இணைப்பே அறுந்து கிடந்திருக்கிறது. தபால்காரரே வராத வீட்டில் பிரிக்காத கடிதம் எங்கிருந்து இருக்கும்?

இணைப்பைச் சரிசெய்தேன். எல்லாப் பதிவுகளும் ஓடிவந்து சேர்ந்தன, ஒன்றைத் தவிர. “மோதல் ஒன்று. தாண்டிச் செல்லவா?” என்று திரை கேட்டது. ஒரே தேதியில் இரண்டு பதிவு முட்டிக்கொண்டால் வரும் கேள்வி. ஒண்ணுதானே, போய்த் தொலை என்று பட்டனை அழுத்தினேன். அது எது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

அந்த ஒன்று எங்கள் செல்வி அக்காவின் கல்யாணம்.

இணைப்பு அறுந்து கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா செம்பூரில் பதிந்திருந்தார். வாதம் வந்து வலது கால் விழுந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஆசை, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்ப்பது. படி ஏற முடியாது என்பதால் தரைத்தளத்தில் மேடை உள்ள மண்டபமாகத் தேடிப் பிடித்தார். “நம்ம சிஸ்டம்தான்பா, கவலையே வேண்டாம்” என்று நான் வேறு சொல்லிவைத்தேன்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் போய் இறங்கினால், வாசலில் வேறொரு பெண்ணின் பெயர் பூவில் தொங்குகிறது.

“உங்க ரசீதுக்கு முந்தின நாளு, சனிக்கிழமையே நாங்க இங்க மாட்டுங்கால புக் பண்ணியாச்சு சார்” என்றார் அந்தப் பெண்ணின் மாமா.

“சிஸ்டத்துல உங்க பேரே இல்லையே” என்றார் மேனேஜர்.

“எந்தப் பயல்யா அந்த சிஸ்டத்தப் பாக்குதது?” என்று அத்தை கத்தினாள். எங்கள் கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

அந்தப் பெண் வீட்டார் நல்ல மனுஷர்கள். பந்தியைத் தள்ளிப்போட்டு, மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மாடிக்கு ஒரு லிஃப்ட் உண்டு, பாத்திரம் ஏற்றுவதற்கு.

“சாம்பார் அண்டா போற லிஃப்ட்தான், குறுகி உக்காந்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றார் சமையல்காரர்.

“ஏன்யா, மேல இறக்கி வச்சு என்னைப் பரிமாறவா?” என்றார் அப்பா. நாற்காலியோடு தூக்கிப்போக வந்த பையன்களையும் தடுத்துவிட்டார். “நாலு பேரு தூக்குத நாள் வரத்தான்ல போகுது. மக கல்யாணத்தன்னைக்கு வேண்டாம்.”

கடைசியில் மாடியிலிருந்து வீடியோ கால். அப்பா கீழே படிக்கட்டு ஓரம் உட்கார்ந்திருக்க, நான் மொபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடியில் கெட்டிமேளம் முழங்கியது. திரையிலோ ஐயர் இன்னும் தேங்காயைத் தேடிக்கொண்டிருந்தார். அட்சதையோடு தூக்கிய கையை அப்பா இறக்கவில்லை. மேளம் ஓய்ந்தது. மேலே ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“என்னல, கட்டியாச்சா இல்லையா?”

பின்தங்கலை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் திரையில் அத்தான் குனிந்தார், முடிச்சுப் போட்டார். அப்பா அட்சதையை மொபைல் மேலேயே போட்டார், தன்னந்தனியாக.

அந்த மழைக்காலத்திலேயே அப்பா போய்விட்டார்.

ஒவ்வொரு கல்யாண நாளிலும் நாங்கள் வாழ்த்தியதும் அத்தான் கையைக் காட்டி நிறுத்துவார். “இருங்க மாப்ளே, கீழ மாமா பாத்த கணக்குப்படி எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. கொஞ்ச நேரம் பிரம்மச்சாரியா இருந்துக்கிடுதேன்.” வீடே சிரிக்கும். அக்காதான் எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பாள். சிரித்து முடித்து, “அடுப்பைப் பாத்துட்டு வாரேன்” என்று உள்ளே போவாள். அடுப்பு அணைந்துதான் கிடக்கும்.