உன் செடி மலைக்குப் போய் வந்த விவரம்

வெளிநாட்டு வாசத்தை இனிது முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வீடு திரும்பவிருக்கும் என் அன்புத் தங்கைக்கு, உன் மூத்த சகோதரி மிகுந்த பாசத்துடனும் அதனினும் மிகுந்த பெருமிதத்துடனும் வரையும் மடல்.

இங்கு நானும் உன் அத்தானும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. நலமாக இருந்த காலத்திலும் அவர் அதை அதிகம் உபயோகித்தவர் அல்லர் என்பதால் கவலைப்பட ஏதுமில்லை. உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும், வாங்கிய பொருள்களெல்லாம் பெட்டிக்குள் அடங்கினவா என்பதும் அறிய ஆவல். நீ பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே இம்மடலைச் சாப்பாட்டு மேசையின் நடுவே, உன் செடித்தொட்டிக்கு அடியில் வைக்கப்போகிறேன். கைப்பேசியில் அனுப்பியிருக்கலாமே என்பாய். அதில் நான்கு வரிக்கு மேல் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதே தவிர, நான் எழுத்தைக் கைவிட்டவள் அல்லள். எங்கள் குடியிருப்பில் குழாய் உடைந்தாலும் மின்தூக்கி நின்றாலும் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என் கதவைத்தான் தட்டுகிறார்கள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டைவிரல் மறுமொழி போதாது.

தலையாய செய்தியை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். உன் செடி மொட்டு விட்டிருக்கிறது.

ஆம், அதே செடிதான். ஒற்றை இலையிலிருந்து நீ வளர்த்தெடுத்ததும், நான்கு ஆண்டுகளாக ஒரு பூவைக்கூட உன் கண்ணில் காட்டாததும், ஒருபக்கமாகச் சாய்கிறது என்று மாப்பிள்ளையின் பழைய பல் துலக்கியை நட்டு நூலால் நீ முட்டுக் கொடுத்திருந்ததுமான அந்தச் செடி, என் பராமரிப்பில் மொட்டு விட்டிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு மேலே படி.

நீ புறப்பட்ட அன்று வாசலில் நடந்ததை நான் மறக்கவில்லை. "அக்கா, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தினா போதும். அதுக்கு மேல நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நீ பாசம் காட்டாம இருந்தாலே அது பொழச்சுக்கும்" என்று சொன்னாய். சொன்னதோடு விட்டாயா? உன் மாமியார் அருகில் நிற்கும்போது சொன்னாய். அவர் உடனே, "கள்ளிச்செடியவே அழுக வச்சவங்களாச்சே, ஜாக்கிரதைம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் வரைக்கும் சிரித்தார். நான் சிரித்த முகத்துடன் கையசைத்தேன். ஆனால் உன் கார் திருப்பத்தைத் தாண்டுவதற்குள், இந்தச் செடியை நீ கொடுத்ததைவிடச் செழிப்பாகத் திருப்பிக் கொடுத்தே தீருவது, அதையும் உன் மாமியார் பார்க்கும்படி கொடுப்பது என்று உறுதி பூண்டுவிட்டேன்.

ஆகவே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். வாரத்துக்கு ஒருமுறை சோறு போடும் வீட்டிலா நாம் பிறந்தோம்? ஆனால் அந்த நன்றிகெட்ட செடி மூன்றாம் வாரமே மஞ்சளிக்கத் தொடங்கியது. மஞ்சளைக் கண்டதும் தண்ணீரைக் கூட்டினேன். இலை தொங்கிற்று. இன்னும் கூட்டினேன். ஓர் இலை விழுந்தேவிட்டது. உன் அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அதுக்கு நீச்சல் தெரியாதுடி" என்றார். நான் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தேன். நீ வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. உன் மாமியாரின் முகம் கனவில் வந்து, கையில் ஒரு கள்ளிச்செடியுடன் நின்றது.

இந்த நிலையில்தான் கதவிடுக்கு வழியாக ஒரு துண்டுப் பிரசுரம் உள்ளே வந்து விழுந்தது. மலைச்சரிவில் இருக்கும் அரசு தாவரவியல் பூங்காவுக்கு ஒருநாள் சுற்றுலா, தங்கள் குடும்பத்திற்கு மட்டுமேயான தனி வாகனம், அனுபவமிக்க வழிகாட்டி, அங்கே செடிநோய் வல்லுநரின் ஆலோசனையும் உண்டு என்று அச்சடித்திருந்தார்கள். அவ்வளவுதான், எனக்கு நிலைகொள்ளவில்லை. உடனே தொலைபேசியில் அழைத்து, "பெரியவர்கள் இருவர், உடல்நலம் குன்றிய சிறியது ஒன்று" என்று பதிவு செய்தேன். உன் அத்தான், "செடிக்கு ஒடம்பு சரியில்லன்னா மண்ண மாத்துவாங்க. நீ என்னடி ஊர மாத்துற?" என்றார். ஆனாலும் சனிக்கிழமை எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர் அவர்தான்.

வண்டி வந்ததைச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் அமரக்கூடிய வெள்ளை வேன், உள்ளே குளிர்சாதனம், சன்னல்தோறும் நீலத் திரை. வழிகாட்டி ஓர் இளம்பெண். ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் சின்னஞ்சிறு தொப்பியும், வாந்தி எடுக்கும் பையும் வைத்திருந்தாள். இறங்கி வந்து நாற்புறமும் பார்த்துவிட்டு, "கொழந்தை எங்கம்மா?" என்றாள். நான் தொட்டியைக் காட்டினேன். அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உன் அத்தானைப் பார்த்தாள். உன் அத்தான் வானத்தைப் பார்த்தார். "சரிம்மா, ஜன்னலோரமா உக்கார வச்சுக்கலாம்" என்று சொல்லி, தானே இருக்கைப்பட்டையையும் மாட்டிவிட்டாள். அந்தக் கணமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

வண்டி புறப்பட்டதும் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, "பெரியோர்களே, தாய்மார்களே, உங்க எல்லாரையும் அன்போட வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்தாள். "பெரியோர்கள்னா நான் ஒருத்தன், தாய்மார்கள்னா இவ ஒருத்தி. பக்கத்துல வந்து சொல்லும்மா, கேக்கும்" என்றார் உன் அத்தான். "மைக்லதான் பேசணும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க சார்" என்று அதையும் ஒலிவாங்கியிலேயே சொன்னாள். எனக்கோ அது நிரம்பவும் பிடித்திருந்தது. வாழ்நாளில் ஒருவர் நம்மை ஒலிபெருக்கியில் விளித்து மரங்களை அறிமுகம் செய்வதென்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது பக்கம் பாருங்க" என்பாள், நான் பார்ப்பேன், செடியையும் திருப்பி வைப்பேன். உன் அத்தான் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டுவார். அவர் தலையாட்டியது அவள் சொன்னதற்கா, வளைவுகளுக்கா என்பது இன்றுவரை தெளியவில்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கு மொத்தமும் கீழே விரிந்தது. மேகம் சாலைக்குக் குறுக்கே நடந்து போனதம்மா. நான் கத்தினேன் என்று உன் அத்தான் உன்னிடம் சொல்வார். வியப்பைத் தெரிவித்தேன் என்பதே உண்மை.

பூங்கா வாசலில் காவலர் தடுத்தார். "செடியெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதும்மா. வெளியில இருக்கிற பூச்சி உள்ள வந்துரும்." நான், "ஐயா, நோயாளியை மருத்துவமனைக்குள் அனுமதிக்க மறுப்பது எவ்வகையில் முறையாகும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொட்டியை நாற்புறமும் திருப்பி, இலையடியில் விளக்கடித்துப் பார்த்து, நுழைவுச்சீட்டின் பின்னால் 'செடி ஒன்று, கூட வந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். கையில் தொட்டி, பையில் சான்று. இப்படியாக நாங்கள் உள்ளே போனோம்.

போனால், வல்லுநரின் அறைக்கதவில் பூட்டுத் தொங்கியது. சனிக்கிழமை அவருக்கு விடுமுறையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, கண்ணாடி வீட்டுக்குப் போலாம்" என்று அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். ஒரு நீண்ட பலகை முழுவதும் உன் செடியின் இனம். அதே தடித்த இலை, அதே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, அண்ணன் தம்பி, அத்தை மாமா என்று குலமே கூடியிருந்தது. மேலே குழாயிலிருந்து புகைபோல நீர்த்தூவல் வந்துகொண்டிருந்தது. மருத்துவர் இல்லையென்றால் என்ன, உறவினர்களைக் கண்டாலாவது கொஞ்சம் தேறட்டும் என்று உன் செடியை அவற்றின் நடுவே, பலகையின் ஓரத்தில் இறக்கி வைத்தேன். உன் அத்தான் முழங்காலைக் காரணங்காட்டி அருகிலிருந்த இருக்கையில் சாய்ந்தார். அந்தப் பெண் யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு, குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். நானும் அவளும் மேலே ஏறினோம்.

மேலே நான் கண்டவற்றை எழுதப் புகுந்தால் இந்த மேசை போதாது. வாழையிலையைக் கைக்குட்டையாக்கிவிடும் அளவில் இலைகள், தொட்டால் எலுமிச்சை மணக்கும் மரப்பட்டை, பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவை. அந்தக் குடுவைக்குள் எட்டிப் பார்த்தபோது என் மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. "பரவால்லம்மா, அதுக்கு கண்ணாடி ஜீரணமாகாது" என்று சொல்லி அந்தப் பெண் குச்சியால் எடுத்துத் தந்தாள். சரிவின் உச்சியில் நின்று பார்த்தால் பூப்பாத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டாய் இறங்குகின்றன. இத்தனை வயதுக்கு மேல் இப்படியொரு நாள் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லையடி. கால் வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். கால் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உண்மையான அதிசயம் கீழே காத்திருந்தது. கண்ணாடி வீட்டுக்குத் திரும்பிப் பலகையின் ஓரத்தைப் பார்க்கிறேன், உன் செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது. மஞ்சள் ஒன்றுமில்லை. சாய்வு நிமிர்ந்துவிட்டது, தெம்பு வந்துவிட்டபடியால் பல் துலக்கியைக்கூட எங்கோ தள்ளிவிட்டிருக்கிறது. நடுவில், விரல் நுனியளவுக்கு ஒரு மொட்டு. மலைக்காற்றும் உறவினர் முகமும் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதை என் கண்ணால் கண்டேன். உன் அத்தானை எழுப்பிக் காட்டினேன். "நல்லா தூங்கினா யாருக்கும் ஒடம்பு தேறத்தான் செய்யும்" என்று சொல்லிக் கொட்டாவி விட்டார்.

வெளிவாயிலில் வேறொரு காவலர். "அம்மா, தோட்டத்துச் செடிய எடுத்துட்டுப் போறீங்களே" என்றார், பத்துப் பேர் கேட்கும்படி. என்னை, தங்கையே, என்னை. நான் நுழைவுச்சீட்டைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "உள்ளே வந்த செடி ஒன்று, வெளியே செல்லும் செடி ஒன்று. இதில் தங்களுக்குப் புலப்படாத கணிதம் யாது?" என்று வினவினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "வரும்போது இவ்ளோ நல்லாவா இருந்துச்சு?" என்றார். "இல்லை. அதுவே தங்கள் பூங்காவின் பெருமை" என்றேன். அவர் நெற்றியில் கைவைத்து வணக்கம் தெரிவித்து வழிவிட்டார். வழி நெடுக உன் செடியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இன்று வியாழன். மொட்டு இன்னும் பருத்திருக்கிறது. இதழோரம் ஊதா தெரிகிறது. இதைப் படித்த கையோடு உன் மாமியாரை அவசியம் வரச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உன் சன்னலெல்லாம் பூத்துக் குலுங்கி, என்னைப் போலவே நிறைந்த மனத்துடன் நெடுங்காலம் வாழ நானும் உன் அத்தானும் வாழ்த்துகிறோம். அவர் தலையாட்டினார்.

இப்படிக்கு,
உன் மூத்த சகோதரி

பின்குறிப்பு: மேற்கண்டதை மடித்து உறையில் இடும் நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வேன் ஓட்டுநர் நின்றார். கையில் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு பல் துலக்கி.

"அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சும்மா, நீங்க தூக்கிட்டு நடக்க வேண்டாம்னு செடிய எடுத்து வண்டில வைக்கச் சொல்லி. வளைவுல உருண்டுராம பின்சீட்டுக்கு அடியில வச்சேன். சார்கிட்ட சொல்லிட்டோம்னு சொன்னுச்சே" என்றார். நான் சாரைப் பார்த்தேன். சார், "ஆமா, என்னமோ சொன்னாங்க. நான் சரின்னேன்" என்றார். "அப்ப என் மடியில் இருந்தது?" என்றேன். "நீங்க வேற ஒண்ணு வாங்கியிருக்கீங்கன்னு நெனச்சேன். அங்க ஒரு தொட்டி குறையுதுன்னு தேடிட்டிருக்காங்களாம்மா" என்றார் ஓட்டுநர், தரையைப் பார்த்தபடி.

ஆதலால், தங்கையே, மலைக்காற்றைப் பற்றியும் கணிதத்தைப் பற்றியும் நான் மேலே எழுதியவற்றை அடித்துவிட்டுப் படிக்கவும். மேசைமேல் மொட்டோடு இருப்பது அரசுடைமை. அதைத் தொடாதே. சனிக்கிழமை அதே வண்டிக்குச் சொல்லிவிட்டேன், பெரியவர்கள் மூவர், சிறியது ஒன்று. நீயும் வரவேண்டும், அந்த வணக்கம் வைத்த காவலரிடம் பேச எனக்கு வாய் வராது. திருப்பிச் செலுத்தும் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டேன், 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்பதற்கு மேல் நகரவில்லை. உன் மாமியாரை வரச் சொல்ல வேண்டாம்.

உன்னுடைய செடி சன்னலோரத்தில் இருக்கிறது. இத்தனை நாளும் வண்டியின் பின்சீட்டுக்கு அடியில், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு துளிப் பாசமும் இல்லாமல் கிடந்திருக்கிறது. மஞ்சள் நின்றுவிட்டது. பல் துலக்கிக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகமளவுக்குப் புதிதாக ஓர் இலை விட்டிருக்கிறது. இந்தப் பின்குறிப்பை எழுதி முடிப்பதற்குள் நான் இருமுறை சொம்போடு எழுந்து, இருமுறை உட்கார்ந்துவிட்டேன். சீக்கிரம் வா.