மிளகாய்ச் சாக்கில் ஓர் ஊஞ்சல்

சிக்கனத்தைப் பற்றி யாராவது எனக்கு உபதேசம் செய்தால் முதுகு எரியத் தொடங்கிவிடும். (பேச்சுக்குச் சொல்லவில்லை. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை நிஜமாகவே எரியும்.) அதற்குக் காரணமானவர் என் அக்காவின் கணவர். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த சங்கதி. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அத்தான் விருதுநகர்க்காரர். மட்டாஞ்சேரியில் மிளகாய் வியாபாரம். கீழே கோடவுன், மாடியில் வீடு. நானும் அங்கேயே தங்கி, தினமும் போட் ஏறி எர்ணாகுளத்துக்குக் கல்லூரி போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாதி மாடிப்படி ஏறுவதற்குள் தும்ம ஆரம்பிப்பார்கள். நாங்கள் தும்ம மாட்டோம். எங்களுக்கும் மூக்கு இருந்தது. ஆனால் மிளகாய் விஷயத்தில் அது எப்போதோ வேலையை ராஜினாமா செய்திருந்தது.

கல்லூரியில் லீலா டீச்சர் மலையேறும் குழு ஒன்றை ஆரம்பித்தார். ஓணம் லீவில் மூணாறு பக்கம் காட்டில் முகாம். தரையெல்லாம் ரத்தம் உறிஞ்சும் அட்டை என்பதால் இரண்டு மரங்களுக்கு நடுவே ஊஞ்சல் கட்டி அதில்தான் தூங்க வேண்டும். ஊஞ்சல், கயிறு, மழைக்கு மேலே கட்ட பிளாஸ்டிக் ஷீட், எல்லாம் அவரவர் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் கும்பளங்கியில் ஒரு தென்னந்தோப்பில் பரீட்சை. ஒரு மணி நேரம் விழாமல் கிடப்பவர்களுக்குத்தான் மலை. விருதுநகர் வெயிலில் பிறந்து, மிளகாய் மூட்டைகளுக்கு மேல் குடியிருந்த எனக்கு அந்த மலை எவ்வளவு வேண்டியிருந்தது தெரியுமா? நினைத்தாலே குளிரடித்தது.

தோப்பும்படியில் மீன்வலைக் கடையில் கெட்டியான நைலான் வலை பார்த்து வைத்திருந்தேன். விலையும் மலிவு. அத்தானிடம் சொன்னேன். வலைக்குப் பதிலாக அவர் சொத்தையே எழுதித் தரச் சொன்ன மாதிரி பார்த்தார்.

"ஏ செல்வி, வலையப் போயி காசு குடுத்து வாங்குவாகளா? கீழ சாக்கு மல மாதிரி கெடக்கு. ஒரு மூட்டையத் தாங்குற சாக்கு ஒன்னயத் தாங்காதா?"

அக்கா மட்டும், "ஒரு தரம் அலசியாவது குடுங்களேன்" என்றாள்.

"அலசுனா சணல் தளந்துரும். நல்லா ஒதறுனாப் போதும்."

உதறினார். வாசலில் சிவப்பாக ஒரு புகை கிளம்பியது. எங்கள் மூன்று பேரில் ஒருவரும் தும்மவில்லை. தெருவில் போன சேட்டன் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, நிதானமாகத் தும்மிவிட்டுப் போனார். நானும் சாக்கை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. (மகா மூக்கு!) அத்தான் கோணி ஊசியால் சாக்குகளை இரட்டையாக வைத்துத் தைத்து, இரண்டு முனையிலும் கயிறு போட்டுக் கொடுத்தார்.

பரீட்சைக்குப் போன பள்ளுருத்தி பஸ்ஸில் கண்டக்டர் தும்மினார். பக்கத்தில் இருந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மழைக்காலம், பாவம், ஊருக்கே ஜலதோஷம் என்று இரக்கப்பட்டேன்.

தோப்பில் மழை விட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் முடிச்சு அவிழ்ந்தது. இன்னொருத்தியின் பெட்ஷீட் கிழிந்தது. என் ஊஞ்சல் மட்டும் அசையவில்லை. ராணி மாதிரி படுத்தேன். வியர்க்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மூக்குக்குப் பழகியது முதுகுக்குப் பழகவில்லை.

எரிந்தது. கழுத்து, முழங்கை, காதுமடல் எல்லாம் எரிந்தது. இறங்கினால் மலை போச்சு. தாவணி முனையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. லீலா டீச்சர் அதைப் பார்த்து, நான் இயற்கை அழகில் உருகுவதாக எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார்.

ஒரு மணி நேரம் முடிந்தது. "செல்வி செலக்டட்!" என்றார் டீச்சர். குதித்து இறங்கினேன். அங்கேயே அவர் விட்டிருக்கலாம்.

"கொள்ளாமல்லோ இது! ஞானொந்நு கிடந்நு நோக்கட்டே." நன்றாக இருக்கிறதாம், தானும் ஒரு தரம் படுத்துப் பார்க்க வேண்டுமாம்.

"வேண்டாம் டீச்சர்!"

"எந்தா, ஞான் கேறியால் பொட்டுமோ?"

டீச்சர் கொஞ்சம் பருமன். ஏறினால் அறுந்துவிடும் என்று நான் கேலி செய்வதாக எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னாலும் மலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு டீச்சர் ஏறிப் படுத்தார். துணி எப்படி என்று பார்க்க உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். சிவப்புப் புகை கிளம்பியது. தும்மினார். அதே கையால் கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? கண் தெரியாமல் ஓடி, பக்கத்தில் இறால் வளர்க்கும் செம்மீன் குளத்தில் இறங்கிவிட்டார். காப்பாற்ற நானும் குதித்தேன். (முதுகைக் காப்பாற்ற என்று சொல்வதுதான் சரி.) குளத்துக்காரர் கரையில் நின்று, "என்றெ செம்மீனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர் கரையேறி, சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "நீ வரண்டா." நீ வர வேண்டாம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அத்தான் முன்னால் நின்று கத்தினேன். "உங்க சாக்கால எனக்கு மலையே போச்சு!"

"சாக்கு கிழிஞ்சிருச்சா?"

"இல்ல!"

"தையல் விட்டுருச்சா?"

"இல்ல!"

"அப்பச் சாமான்ல கொறையில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சாக்கத் திருப்பிக் கொண்டாந்தியா?"

என் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அக்காவின் கை சிரிப்பில் நடுங்கியது. அவளையும் நான் மன்னிக்கவில்லை.

இன்றும் குடும்பத்தில் கல்யாணம் என்றால், பந்தியில் உட்கார்ந்து அத்தான் குரல் கொடுப்பார்: "கொழம்புல ஒறப்புப் பத்தலையா? என் கொழுந்தியா ஒக்காந்த பாய எடுத்து ஒரு ஒதறு ஒதறுங்கய்யா!" உடனே கதை கேட்கப் பிள்ளைகள் கூடிவிடும். அவர் கதையில் அந்தக் குளம் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது. இப்போது காயல் அளவுக்கு வந்துவிட்டது. டீச்சர் பிரின்சிபால் ஆகிவிட்டார். செம்மீன்கள் எல்லாம் தும்முகின்றன. எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஓணம் லீவு முடிந்து வந்த பெண்கள், காலில் அட்டை கடித்த தழும்பை வகுப்பில் ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் தழும்பே இல்லாத என் காலை இழுத்துக்கொண்டேன். அத்தான் கதையில் அது வராது. மலையும் வராது.