மின்மூக்குக்கு வந்த சோதனை

"இதுவும் அழுகலா?"

மோப்பக்காரர் திரையை உற்றுப் பார்த்தார். சிவப்பு விளக்கு கண்ணைக் குத்தியது. பெட்டியில் இருந்ததோ காலையில்தான் லாரியிலிருந்து இறங்கிய ஆப்பிள். ஒன்றை எடுத்துக் கடித்தார். கடக்கென்று சத்தம் கேட்டது.

இருபது வருடமாகப் பழக் கிடங்கில் முகர்ந்து பார்த்தே தரம் பிரிப்பவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். வாசனையை வைத்தே பழத்தின் தரம் சொல்லும் மின்மூக்கு மெஷின் வந்தால் அவர் வேலைக்கு உலை வைத்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அதை வாங்க வைத்ததே அவர்தான். காய் என்றால் பச்சை, பழம் என்றால் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. மனிதன் மூக்குக்கு ஜலதோஷம் வரும், மத்தியானத்துக்கு மேல் மரத்துப்போகும். இதற்கு அதெல்லாம் கிடையாது. என்ன அறிவு, என்ன அறிவு! வீட்டிலும் இதே பேச்சுதான்.

"எனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டா. அவளுக்கு மூக்கு மட்டும்தான் இருக்கு," என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்ட மின்மூக்கு இரண்டு நாளாக எதைக் காட்டினாலும் அழுகல் என்கிறது. முதலாளி நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் மெக்கானிக் வண்டியோட வராரு. அதுக்குள்ள சரியாகலேன்னா அது திரும்பிப் போகும். அப்புறம் மெஷின் கிஷின்னு என்கிட்ட வாயே திறக்கக் கூடாது."

மோப்பக்காரர் ஒரே மூச்சில் அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தார்.

"காலையிலேருந்து இது நாலாவது பாட்டில் அண்ணே," என்றாள் பெட்டி கட்டும் பெண். "ஆளும் துரும்பா இளைச்சுட்டீங்க. ஒரு மெஷினுக்காகவா இப்படி?"

"மெல்லப் பேசும்மா. அதுக்குக் கேட்டுடப் போகுது."

"அதுக்கு மூக்குதானே இருக்கு? காது எங்க இருக்கு?"

"இந்தக் காத்துல டீசலு, பெயிண்டுன்னு கண்டதும் கலக்குது. அதான் பாவம் குழம்புது," என்று அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூலையிலிருந்த சின்னக் கண்ணாடி அறைக்குப் போனார். ஆப்பிள் பெட்டியோடு அவளும் பின்னால் போனாள். கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார். திரையில் எழுபதில் நின்ற அழுகல் அளவு எண்பத்தைந்துக்கு ஏறியது.

"தூசி அடைச்சிருக்கு," என்று குனிந்து, அதன் வாய்க்குள் நன்றாக ஊதினார்.

தொண்ணூற்றாறு.

"பெட்டியை வெளிய எடும்மா!"

பெட்டி போனது. மேசையில் ஒரு பழம்கூட இல்லை. மூக்கும் மூக்கும் உரசக் குனிந்து பார்த்தார். தொண்ணூற்றெட்டு.

"இல்லாத ஆப்பிள் அழுகுதாம் அண்ணே!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தலை சுற்றியது. "என் மானத்தை வாங்கிட்டியே கண்ணு," என்றார் மெஷினிடம். அப்போதும் அதைத் திட்ட மனம் வரவில்லை. துணியால் துடைத்துவிட்டார்.

சொன்னபடி மத்தியானம் முதலாளி வந்தார், கூடவே மெக்கானிக்கும். ஆலை, ஆஸ்பத்திரி என்று ஊரிலுள்ள மெஷினெல்லாம் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். மெஷினை வாசலுக்குக் கொண்டுபோய் ஓர் ஆப்பிளைக் காட்டினார். மஞ்சள். இன்னொன்று. அதுவும் மஞ்சள்.

"பாத்தீங்களா முதலாளி! என் தங்கம் பொய் சொல்லாது!" மோப்பக்காரர் ஓடிவந்து அதன்மேல் குனிந்தார்.

சிவப்பு.

"பாத்தேன், நல்லாவே பாத்தேன்," என்றார் முதலாளி. "ஏத்துங்க வண்டியில."

மெக்கானிக் ஏற்றவில்லை. ஆப்பிளைத் தூர வைத்துவிட்டு, மெஷினை மோப்பக்காரரின் வாய்க்கு நேராகப் பிடித்தார். நூறைத் தொட்டது.

"மெஷின் இங்கயே இருக்கட்டும் முதலாளி, அதுல ஒரு கோளாறும் இல்ல. மூச்சுல இப்படி அழுகின பழ வாசனை அடிச்சா ரத்தத்துல சர்க்கரை எகிறிக் கிடக்குன்னு அர்த்தம், வண்டியில ஏத்த வேண்டியது அண்ணனைத்தான்!"