பொம்மைக்குப் பிடித்த பேய்

பிடரிச் சாமியார் வீட்டு வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. உடம்பு பெருத்தவர்களின் பிடரியில் பேய் உட்கார்ந்திருக்கிறதாம். இடுப்பில் மந்திரக் கயிறு கட்டுவார். ஒரு வாரத்தில் கயிறு தொளதொளவென்று தொங்கும். பேய் இளைத்துவிட்டதாம். நோயாளி இளைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருத் தையல்கார அம்மாவும் அங்கே நின்றார். முகம் உருண்டு, வயிறு பெருத்து, பிடரியில் சதை திரண்டு, கைகால் மட்டும் குச்சியாகிப் போனவர். கார்டிசால் என்னும் சுரப்பு உடம்பில் அளவுக்கு மீறி ஊறும் அபூர்வ நோய் என்று கண்டுபிடித்து, அதை அடக்க மாத்திரை கொடுத்திருந்தார் டாக்டர். முகம் வடியத் தொடங்கிய நேரம் பார்த்துச் சாமியார் சொன்னார்: "மாத்திரை பேய்க்குத் தீனிம்மா. நிறுத்திடு."

நிறுத்திவிட்டார். கயிறு தளர்ந்தது. முகமோ மறுபடி வீங்கியது, படியேறினால் மூச்சு வாங்கியது. ஊருக்கெல்லாம் டேப் வைத்து அளந்தவர், தன் இடுப்பை மட்டும் சாமியார் கயிற்றை நம்பி விட்டுவிட்டார்.

அம்மாவின் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, ஒரு தடவை டேப்பால அளந்து பாருங்களேன்."

"டேப் வெச்சா பேய்க்குக் கோவம் வந்துடுமாம்."

நாத்தனார் அதோடு பேச்சை விட்டாள். நேரே சாமியாரிடம் போய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் சித்திக்கு என்று ஒரு கயிறு வாங்கிவந்தாள். அண்ணியின் தையல்கடையில் துணி மாட்டும் தலையில்லாப் பொம்மையின் இடுப்பில் அதை இறுக்கிக் கட்டினாள். அடுத்த வாரம் பொம்மைக்குத் தலையாக ஒரு துணி மூட்டையை வைத்து, போர்வை போர்த்தி, சக்கர நாற்காலியில் ஏற்றி, அண்ணியையும் இழுத்துக்கொண்டு சாமியார் முன் போய் நின்றாள்.

போர்வைக்கு வெளியே தொங்கிய கயிற்றைச் சாமியார் விரல்நுனியால் சுண்டிப் பார்த்தார்.

"பாதிப் பேய் ஓடிடுச்சு. மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சா?"

"ஒண்ணுகூட உள்ள போகல சாமி."

"அதோட பலன்தான் இது."

நாத்தனார் போர்வையை உருவினாள். மூட்டை உருண்டு சாமியார் மடியில் விழுந்தது. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

"பொ... பொம்மையிலயும் பேய் புகும்மா."

தையல்கார அம்மா கயிற்றைப் பிரித்து இழுத்தார். "நூல் சுத்துன மட்ட ரப்பர். நாலு நாள்ல தொய்ஞ்சுடும். கால்சட்டைக்குக்கூட இதை நான் வைக்கமாட்டேன். இதை நம்பியா மாத்திரையை விட்டேன்?"

சாமியார் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார். அம்மா டாக்டரிடம் போய்த் திட்டும் வாங்கினார், மாத்திரையும் வாங்கினார். இப்போது டேப்பால்தான் அளக்கிறார். இடுப்பு குறைகிறது, முகமும் வடிகிறது. எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி.

பொம்மைக்குத் தலை கிடையாது, பேய் பிடித்ததென்றால் மறுத்துப் பேச அதற்கு வழியில்லை. வரிசையில் நின்றவர்களே, உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பதும் துணி மூட்டைதானா?